எந்த நாட்டுக்குப் படிக்கிறாள் எஸ்தர்

காலையில் எங்கள் அடுக்ககத்து வாசலில் மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். சரவணம்பட்டிப் பிள்ளைகள் தலையில் எண்ணெய் மினுங்க அவற்றில் ஏறிப் போவார்கள். என் மகள் எஸ்தர் மட்டும் பால்கனியில் நின்று பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பாள். பால் வாங்க நான் கீழே இறங்கினால் வாட்ச்மேன் தினமும் அதே கேள்வியைக் கேட்பார்: “ஏனுங்க மேடம், பாப்பாவுக்கு இன்னைக்கும் லீவுங்களா?” முதல் வாரம் விளக்கிச் சொன்னேன், வீட்டில் வைத்தே நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க, ஒடம்பு தேறுனதும் அனுப்புங்க” என்றார். இப்போதெல்லாம் “ஆமாங்க, லீவுதான்” என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறேன். அன்னூரில் பிறந்து கோயம்புத்தூரில் நர்சிங் படித்தவள் நான். இந்தச் சீமையில் எனக்கு விளங்காத பேச்சு கிடையாது. ஆனால் என்னை விளங்கவைக்க முடியாத இடமாக இது மாறியிருக்கிறது.

அயர்லாந்தில் இருந்து இதைப் படிக்கும் தோழிகளுக்குக் கதை தெரியும். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கார்க் நகருக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருந்தோம். எனக்கு மருத்துவமனையில் வேலை, கணவர் பிரபுவுக்குக் கணினி வேலை. எட்டு வயதில் எஸ்தர் பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்குள் ஒரு சொல் வராது. ஆசிரியை நல்லவர், கூடப் படித்த பிள்ளைகளும் நல்லவர்கள். கோபித்துக்கொள்ள யாரும் இல்லாததுதான் பெரிய சங்கடம். கடைசியில் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு நாங்களே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது, ஆனால் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார்.

அப்படி வந்த அதிகாரி அம்மாள் நான் கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னிடம், “ஹாவ் யூ எனி ஐரிஷ்?” என்று கேட்டார். ஐரிஷ் மொழி ஏதாவது தெரியுமா என்று பொருள். நான் குடியுரிமையைக் கேட்கிறார் என்று நினைத்து, “இன்னும் இல்லை, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, “மொழி அப்படியும் கிடைக்கலாம்” என்றார். போகும்போது, குறைந்தபட்சக் கல்வி பிள்ளைக்குக் கிடைத்தால் போதும், சட்டம் அதைத்தான் கேட்கிறது என்று சொன்னார். எது குறைந்தபட்சம் என்று கேட்டேன். அது பிள்ளையைப் பொறுத்தது என்றார். மார்க்கை வைத்தே பிள்ளைகளை எடைபோடும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்தப் பதில் நிம்மதி தரவில்லை. தரையில்லாத வீட்டில் நடப்பதுபோல் இருந்தது.

பிரபுவின் கம்பெனி அவரை ஒரு வருடத்துக்குக் கோயம்புத்தூர் சரவணம்பட்டி அலுவலகத்துக்கு அனுப்பியபோது எஸ்தருக்குப் பதின்மூன்று. இனியும் பொதுத்தேர்வைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் இந்திய தேசியப் பாடநூல்கள், மறுபக்கம் அயர்லாந்துப் புத்தகங்கள். நடுவில் தட்டு வைக்கத்தான் இடம்.

“இந்தப் பாடத்திட்டத்துல போட்டுட்டா நாளைக்கு இங்க எந்தக் காலேஜுக்கும் போகலாம்” என்றார் பிரபு.

“திரும்பிப் போனா?”

“போறமா?”

எந்தப் பேச்சும் அங்கேதான் வந்து நிற்கும். வீட்டுக்கல்விப் பெற்றோர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூடுவார்கள். அங்கே ஒருத்தி என்னிடம், “எந்த போர்டுன்னு கேக்கறத உடுங்க. எந்த ஊர்ல இருக்கப்போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க” என்றாள். அவள் சொன்னது சரிதான். அதனாலேயே அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்னூரில் இருக்கும் என் அப்பாவுக்கு இந்தக் குழப்பமே பிடிக்கவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, அடுத்தவர் தோட்டத்தில் ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். பிறகு மில்லில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். “என்னயச் சேக்கறதுக்கு எங்கப்பன் பள்ளிக்கூடத்து வாசல்ல கும்புட்டு நின்னாரு அம்மணி. இப்பக் கதவு தெறந்து கெடக்குது. நீ புள்ளய அனுப்ப மாட்டீங்கற” என்பார். எஸ்தர் பள்ளியில் பேசாமல் போனதைப் பற்றிச் சொன்னால், “பேசாட்டி என்ன, படிக்கத்தானே போறா” என்பார்.

சென்ற மாதம் எஸ்தர் அவரோடு சில நாள் இருந்தாள். ஒரு காலையில் எனக்கு ஃபோன் வந்தது. நான் படித்த அதே பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியை. “ஏனுங்க, உங்கப்பா பேத்தியச் சேக்கோணும்னு வந்து உக்காந்திருக்காருங்க. எந்தக் கிளாஸ்னு கேட்டா பாப்பாவுக்கே தெரியலீங்க. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

சந்தைக்குப் போவதாகச் சொல்லி அழைத்துப் போயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா வெளுத்த சட்டை போட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் கணக்குகளைப் போட்டு முடித்திருந்தாள். தலைமையாசிரியை ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எஸ்தர் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒரு வரியைக் கடக்கும் முன்பே வியர்த்துப்போனாள்.

“கணக்கு ஒம்பதாவதுக்கு மேல போடறாளுங்க. தமிழ் மூணாவதுக்கே பத்தாதுங்க. எந்தக் கிளாஸ்ல உக்கார வெக்கறதுங்க?” என்றார் தலைமையாசிரியை. கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனோம். மைதானத்து ஓரத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நானும் இப்பிடித்தான் வெரல வெச்சுப் படிப்பேன் அம்மணி. எனக்குக் குடுக்கல, சரி. இவளுக்கு என்ன கொறை? என்னைய மாதிரி ஆக்கிப்போட்டீங்களே.”

நான் எஸ்தரின் பக்கம் திரும்பினேன். அவள் கையில் அந்தத் தமிழ்ப் புத்தகம் இன்னும் இருந்தது. அவளும் அப்போதுதான் பார்த்தாள். கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தனியாகவே உள்ளே போனாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது: “டீச்சர், இத நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா? படிச்சுட்டுத் தர்றேங்க.” ஐந்து வருடங்களில் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்குள் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அப்பாவுக்கு அது தெரியாது. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அவளைப் பள்ளியில் சேர்க்கவில்லை. தேசியப் பாடத்திட்டத்தில், திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதட்டும், தமிழ் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று பிரபுவும் நானும் முடிவு செய்தோம். முடிவு செய்த பிறகும் அயர்லாந்துப் புத்தகங்களை மேசையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அங்கே என் வேலை இன்னும் எனக்காகக் காத்திருக்கிறது. அப்பா அக்கம்பக்கத்தில் பேத்தியைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறார், நாங்களும் மறுக்கவில்லை.

போன ஞாயிறு அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அன்னூர் பேருந்து நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. சனமெல்லாம் பேக்கரியின் தகரக் கூரைக்குள் ஒதுங்கியது. வழியனுப்ப வந்த அப்பாவும் உள்ளே போய்விட்டார். எஸ்தர் மட்டும் திறந்த சாலையில் முகத்தை நிமிர்த்தி நின்றாள். கார்க்கில் மழைக்கு யாரும் ஒதுங்குவதில்லை. ஒதுங்கினால் ஒரு வேலையும் நடக்காது. “நனையாத கண்ணு, உள்ள வா” என்று அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “இது சும்மா மழைதானுங்க தாத்தா” என்றாள் அவள், நகராமல். நான் அவளிடமும் போகவில்லை, அவரிடமும் போகவில்லை. கூரையின் விளிம்பில், ஒரு தோள் நனைய ஒரு தோள் காய, பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.