அம்மை வீட்டில் தைத்த அங்கி

யுத்த காலத்தில் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே குழந்தைகளுக்கான ஞானஸ்நான உடைகள் தைத்து வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சலோமி, தான் குழந்தையாக இருந்தபோது தன் அம்மா தைத்த அங்கியைத் தன் மகளுக்காகச் சரிசெய்யக் கொடுத்திருந்தாள்.

லேஸ் வைக்கும்போது என் மகனுக்கு அம்மை கண்டது. சொன்னால் இனி யாரும் துணி தரமாட்டார்கள் என்று மறைத்து, தைத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவன் உடம்பெல்லாம் முத்து. முதல் பஸ் ஏறினேன். சலோமி பொட்டலத்தைப் பிரிக்கப் போனாள். தெருவில் நின்றே கத்தினேன்.

“பிரிக்காதீக! எம்மவனுக்கு அம்மை. மறைச்சிட்டேன்!”

அவள் முகம் வெளுத்தது. பொட்டலத்தை அப்படியே அடுப்பில் போட்டாள். அது கருகும்வரை கம்பியால் தள்ளிவிட்டாள்.

பிறகு கேட்டாள்: “பிள்ளை தனியாவா கெடக்கான்? சீக்கிரம் போங்கக்கா.”

என் மகன் பிழைத்தான்; அவள் மகளை அம்மை தொடவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் என்றோ மறந்திருப்பேன்.