ஹன்சார்டில் நின்ற மூன்று வரி

1. அனுப்பி வைத்தார்கள்

என்னைத் தீவு நாடு ஒன்றுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் என் வீட்டுக்காரர் சேவியர் கேட்டது இதுதான்: "அலமாக்! ஐயோ, அங்க இன்னும் சுட்டுக்கிறாங்களா?"

"சண்டை முடிஞ்சுதாங்க பார்லிமெண்ட் திறந்திருக்காங்க."

"முடிஞ்சிருச்சின்னு யாரு சொன்னா? சுட்டவங்க சொன்னாங்களா?"

அவர் அப்படித்தான். சிம்பாங் ரெங்கத்தில் டயர் கடை வைத்திருப்பவருக்கு மெர்சிங் படகுத்துறையில் படகு ஏறினாலே வெளிநாட்டுப் பயணம். நான் ஜொகூர் பாருவில், மாநிலச் சட்டமன்றத்தில் இருபத்தேழு வருடம் ஹன்சார்ட் எழுதியவள். அவையில் யார் என்ன பேசினாலும், பேசியபடியே எழுதி வைக்கும் பதிவுக்குத்தான் ஹன்சார்ட் என்று பெயர். புதிதாகத் திறந்த பார்லிமெண்டுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். ஆபீசில் வேறு யாரும் போக மாட்டேன் என்றதால் என் பெயர் போனது. ஆறு மாதக் கண்டிராக்ட்.

நாட்டின் பெயரை எழுத மாட்டேன். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கிழக்குக் கரைக்காரர்களும் மேற்குக் கரைக்காரர்களும் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்தார்கள். இப்போது இரண்டு பக்கத்துத் தலைவர்களும் ஒரே கூரையின் கீழ் எதிரெதிரே உட்கார்ந்து பட்ஜெட் பேசினார்கள்.

எங்கள் அறையில் இரண்டு கம்ப்யூட்டர், நான்கு ஹெட்போன், ஓடினால் சத்தம் போடும் ஒரு ஃபேன். எடிட்டர் வேலையில் லிட்டா என்ற பெண் இருந்தாள். முப்பது வயது, கிழக்குக் கரை. என்னை ஆன்ட்டி என்பாள். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் எனக்கு அது தமிழாகவே ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் கொண்டுவந்து பாதியை என் தட்டில் தள்ளிவிடுவாள். வேண்டாம் என்றால் கோபம் வரும். அந்த அறையை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம் போவதில்லை.

2. சிவப்புக் கோடு

சாலைகளுக்கான ஒதுக்கீடு விவாதத்தில் இருந்த அன்று, மேற்குக் கரை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். வயதானவர், கனத்த உடம்பு, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவார். தன் தொகுதிக்கு ரோடு கேட்டார். பிறகு கிழக்குக் கரையில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

"அந்த ஊருக்கும் ரோடு போடுங்க. அதைக் கொளுத்தினது எங்க பசங்கதான். போங்கன்னு சொன்னது நான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபாநாயகர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

லிட்டா ஒலிப்பதிவைப் பின்னால் ஓட்டி மூன்று தடவை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, அது எங்க ஊரு. எங்கப்பா வீட்டுக்குள்ளதான் இருந்தாரு."

நான் ஃபேனை நிறுத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அடுப்புத் தீ பரவிடுச்சின்னுதான் போலீஸ் ரிப்போர்ட். அம்மா யார்கிட்ட எல்லாமோ போய்ச் சொன்னாங்க. ஒருத்தரும் எழுதிக்கல."

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மூன்று வரிகளையும் டைப் செய்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

ஹன்சார்ட் அச்சாகும் முன் டிராஃப்டை உறுப்பினர்களுக்கு அனுப்புவது வழக்கம். ஊர்ப் பெயர், கணக்கு, வாய் தவறிய சொல், இவற்றை மட்டும் திருத்தலாம். நான்கு நாள் கழித்து அவருடைய டிராஃப்ட் திரும்பி வந்தது. அந்த மூன்று வரிகளின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

பின்னாலேயே அவைச் செயலாளரும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "மேடம், அவரோட ஆளுங்களே, எங்களைக் காட்டிக்கொடுத்துட்டீங்கன்னு அவர் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. அமைதி இப்பத்தான் வந்திருக்கு. மூணு வரிதானே? நீங்க ஆலோசகர். எடுக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவோம்."

லிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

நான் வம்புக்குப் போகிறவள் இல்லை. இருபத்தேழு வருடம் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டியே காலம் ஓட்டியவள். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன். சாயங்காலம் வீட்டுக்கு ஃபோன் செய்தால் சேவியர், "உனக்கு எதுக்கு லா ஊரான் சண்டை? எடுன்னா எடுத்துட்டு வா, டிக்கெட் இருக்குல்ல," என்றார்.

மறுநாள் செயலாளர் அறைக்குப் போனேன். ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இது வாய் தவறினது இல்ல. எடுக்க முடியாது. வேணும்னா அவர் அவையில எழுந்து, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்லட்டும். அதுக்கு விதி இருக்கு."

"அப்ப இதை எடுத்துடுவீங்களா?"

"இல்ல சார். சொன்னதும் இருக்கும், திரும்ப வாங்கினதும் இருக்கும்."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார்.

லிட்டாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அவர் திரும்ப வாங்கினா அதையும் நான்தான் டைப் பண்ணணுமா?"

"நீ வேணாம்மா, நான் பண்றேன்."

"வேணாம் ஆன்ட்டி. நானே பண்றேன்."

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்தார். மனம் மாறி இன்னொரு தடவை உண்மையைச் சொல்லுவார் என்று நான் உள்ளூர ஏங்கினேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. காகிதத்தைப் பார்த்து, "அன்று நான் சொன்ன மூன்று வாக்கியங்களையும் திரும்பப் பெறுகிறேன்," என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். லிட்டா அதையும் பிழையில்லாமல் டைப் செய்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஹன்சார்ட் அச்சானதும் லிட்டா, அவர் சொன்ன பக்கம், திரும்ப வாங்கிய பக்கம், இரண்டையும் எடுத்துக்கொண்டு படகேறி ஊருக்குப் போனாள். மூன்று நாள் கழித்துத்தான் வந்தாள்.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முதல் பக்கத்தை ரெண்டு தரம் படிக்கச் சொன்னாங்க."

"ரெண்டாவது பக்கம்?"

"அதைப் படிக்க எனக்கு மனசே வரல. ஆனா படிச்சேன். அம்மா சிரிச்சாங்க ஆன்ட்டி. 'சொல்லாததை யாராவது திரும்ப வாங்குவாங்களா?'ன்னாங்க. ரெண்டு பேப்பரையும் சேர்த்து மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டாங்க."

3. நேரம் முடிந்தது

லிட்டா இப்போது அந்த அலுவலகத்துக்கே தலைவி. கிறிஸ்மஸுக்கு மெசேஜ் வரும். எப்போது வருகிறீர்கள் என்பாள். அடுத்த வருடம் என்பேன். சேவியருக்கு முட்டி வலி, எனக்குச் சர்க்கரை. போகப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அந்த விதி எனக்கு முன்பே தெரியும். பயந்தாங்கொள்ளியான நான் அன்று ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. செடெனாக் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்தபோது, சனங்களுக்கு மாற்று வீடு என்னாயிற்று என்று ஓர் உறுப்பினர் எங்கள் ஜொகூர் அவையில் கேள்வி கொடுத்திருந்தார். பட்டியலில் பத்தொன்பதாவது. அன்று டியூட்டி எனக்குத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக எண்ணிக் காத்திருந்தேன். பதினான்காவது கேள்வியோடு மணி அடித்துவிட்டது. "கேள்வி நேரம் முடிவுற்றது" என்று நானேதான் டைப் செய்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்களுக்கு அது வெறும் மூன்று வரி, அதற்காக எங்கோ ஒருத்தி வருடக்கணக்கில் காத்திருப்பாள். கைவைக்காதீர்கள்.

எங்கள் தோட்டத்தின் பெயரை அந்த அவையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்கவில்லை. யாராவது எழுந்து சொல்லிவிட்டு, மறுநாள் திரும்ப வாங்கியிருந்தால்கூட எனக்குப் போதும். இரண்டு பக்கத்தையும் நானே டைப் செய்திருப்பேன்.