ஒருமனதாக

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த கைலாசநாதன் நல்ல மனிதர். ஊருக்குக் கேடு வந்தது அந்த நல்ல குணத்தால்தான்.

1931-ல், ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு ஞாயிறுதோறும் பஸ்ஸேறிப் போய் 'சமரச சங்கம்' கூட்டினார். மேல்சாதித் தெருக்காரர்களும் சேரிக்காரர்களும் பள்ளிக்கூடக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து ஊர்ச் சிக்கல்களைப் பேசித் தீர்க்க வேண்டும். அவர் எழுதிய விதி ஒன்றே: ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. சிறுபான்மையை யாரும் மிதித்துவிடக் கூடாதாம்!

முதலில் வந்தது கிணறு. பொதுப்பணத்தில் வெட்டியது, எல்லாச் சாதியும் இறைக்கலாம் என்று உத்தரவும் இருந்தது. ஆனாலும் சேரிப் பெண்கள் மாடு குளிக்கும் குட்டையில்தான் மொண்டார்கள். உத்தரவைக் காட்டிப் போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். கைலாசநாதன், மனங்கள் மாற வேண்டும் என்றார்.

வாரத்துக்கு ஒருவர் மறுத்தார். பெரும்பாலும் மிராசுதார் கண்ணுச்சாமி.

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி. வீட்டுப் பொம்பளைகதான் ஒத்துக்க மாட்டேங்குறாளுக. அடுத்த வாரம் பேசுவோம்."

"போன வாரம் பொங்கல் முடியட்டும்னீக, இந்த வாரம் பொம்பளைகளா?" சேரியிலிருந்து வந்த ஒரே பெண்ணான சோணையம்மாள் கேட்டாள். "அம்புட்டுப் பேரும் முறை வச்சு மறுக்குறீகளோ?"

கொட்டகை சிரித்தது. 'இன்முகத்துடன் விவாதம் நடந்தது' என்று கைலாசநாதன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இப்படியே இரண்டு வருடம். அடுத்த கோடையில் குட்டை சேறாயிற்று. சோணையம்மாளின் மகளுக்கு வாந்திபேதி. பட்டப்பகலில் சோணையம்மாள் கிணற்றுக்குப் போய் ஒரு குடம் இறைத்தாள். தெருக்காரர்கள் குடத்தை உடைத்தார்கள், அவள் கையையும் உடைத்தார்கள்.

ஞாயிறன்று கண்ணுச்சாமி தீர்மானம் கொண்டுவந்தார்: 'பேச்சு நடக்கும்போதே சோணையம்மாள் அத்துமீறியது தவறு.' சம்பந்தப்பட்டவளிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்றும் சொன்னார். கிணற்றை மறித்தவர்களுக்கு மட்டும் அப்படியொரு விதி ஒருநாளும் இருந்ததில்லை.

வரிசையாகச் "சம்மதம்" என்றார்கள். கண்ணுச்சாமியின் நிலத்தை உழுத சேரி ஆண்களும் தலைகுனிந்து அதையே சொன்னார்கள். மிஞ்சியவர் கைலாசநாதன்.

கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்த சோணையம்மாள் அவரைப் பார்த்தாள். "மாட்டேன்னு ஒத்தச் சொல்லு சாமி. இப்ப நான் தண்ணிகூடக் கேக்கல."

"நீங்க மறுத்தீகன்னா சங்கம் இன்னிக்கோட கலைஞ்சு போயிரும்," என்றார் கண்ணுச்சாமி, பணிவாக.

இரண்டு வருட உழைப்பு. கைலாசநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சம்மதம்."

சோணையம்மாள் எழுந்து போனாள். அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டும் போய்விட்டாள்.

சங்கம் பிழைத்தது. பத்திரிகையில்கூடப் பாராட்டி எழுதினார்கள். அடுத்த ஞாயிறு, சேரிப் பெண்கள் வழுக்காமல் இறங்கக் குட்டைக்குக் கல்படி கட்டிக்கொடுப்பது என்று கைலாசநாதனே தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவரும் மறுக்கவில்லை.