பாம்புகளுக்கு நடுவே போகிறவள்

பயமே இல்லாமல் போவதுதான் பக்தியா, பயந்துகொண்டே போவதும் பக்தியா? பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, தில்லி ஜன்பத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் வந்த கேள்வி இது.

என் வலக்கண்ணில் பன்னிரண்டு வருடமாகப் பார்வை இல்லை. இப்போது இடக்கண் விழித்திரையில் சவ்வு வளர்ந்து, நேர்கோடெல்லாம் நெளிந்து தெரிகிறது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்க நினைத்ததை முந்தின நாளே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

லக்ஷ்மிபாய் நகரில் என் தங்கை வசந்தியின் வீட்டிலிருந்து அவளோடு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், 120 ரூபாய். நுழைவுச்சீட்டு 20 ரூபாய். பத்தரைக்குப் போனால் சிற்றோவியக் கூடத்தில் கூட்டம் இருக்காது.

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஓவியம். மழை இரவில் கண்ணனைத் தேடிக் காட்டு வழியே ஒருத்தி தனியாகப் போகிறாள். இறைவனை நாடிப் போகும் உயிர்தான் அவள் என்பார்கள். கல்லூரியில் படித்த விளக்கம், எனக்கு ஒட்டியதில்லை. அன்று என் பார்வை அவள் காலடியில் நெளிந்த பாம்புகளை விட்டு நகரவில்லை.

"வசந்தி, பாம்பு எத்தனை?"

"மூணுக்கா."

"அஞ்சு இருக்கே."

"ஒண்ணு பாதையோட ஓரம். இன்னொண்ணு... அச்சா, அது சட்டத்தோட கோடுக்கா." சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

நான் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கினேன். "கண்ணன் எங்கே? அவனும் எனக்குத் தெரியலையா?"

"அவன் படத்துலயே இல்லக்கா. இருப்பான்னு நம்பிப் போகுது, பைத்தியம். கால்லேர்ந்து கொலுசு கழண்டு விழுந்துடுச்சு. அதைத் திரும்பிப் பாக்கறா."

"முகத்துல பயம் இருக்கா?"

வசந்தி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "தெரியலக்கா."

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், உங்கள் கண் நன்றாக இருந்தாலும்.

அடுத்த நாள் காலை 9.10. அறுவை அறை வாசலில் நாகர்கோவில்கார நர்ஸ், "இனி நீங்க மட்டும் வாங்கக்கா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடந்து திரும்பிப் பார்த்தேன். பெஞ்சும் வசந்தியும் சேர்ந்து நெளிந்தார்கள். பயம் போகவில்லை. உள்ளே போனேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று. இப்போது அதே நாள் சாயங்காலம், நான் சொல்லச் சொல்ல வசந்தி தட்டச்சு செய்கிறாள். கண்கட்டை நாளைக் காலையில்தான் பிரிப்பார்கள்.