வரப்பில் குப்புறப் படுத்திருந்த காலை

நான் பறவைக் கூட்டங்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுப்பவன். ரிஷிவந்தியம் பக்கம், தண்ணீர் கட்டிய ஒரு வயலில் வெள்ளைக் கொக்குகளும் கருத்த அரிவாள்மூக்கன்களும் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு கூட்டத்துக்காக மூன்று நாள் அலைந்திருந்தேன். வரப்பில் குப்புறப் படுத்து, கேமராவில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன்.

பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் என்னை நோக்கி நடந்து வந்தார். பறவைகள் கலைந்துவிடுமே என்று எரிச்சலாக வந்தது. வர வேண்டாமென்று கையசைக்கப் போனேன்.

"சார், கையத் தூக்காதீங்க," என்றார் தணிந்த குரலில். "முழங்கையாண்ட விரியன் கீது. ஆடாம கெடங்க, அதுவா போயிடும்."

கண்ணை மட்டும் திருப்பினேன். ஒரு சாண் தள்ளி, காய்ந்த புல்லின் நிறத்தில் அது சுருண்டு கிடந்தது.

அவரும் நின்ற இடத்திலேயே நின்றார். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பறவைகள் கறுப்பும் வெள்ளையுமாக நெருங்கி, கேமராவுக்கு நேர் எதிரே வந்தன. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அதை அசைக்கத் தைரியம் வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பாம்பு மெல்லப் பிரிந்து, வரப்போரப் புல்லுக்குள் இறங்கி மறைந்தது.

"போயிடுச்சி சார், ஏந்திரிங்க."

நான் எழுந்ததும் கூட்டம் முழுக்க ஒரே வீச்சில் மேலே கிளம்பியது. கேமராவைத் தூக்குவதற்குள் அவை வெகுதூரம் போய்விட்டன.

"இன்னா சார், அவ்ளோ நேரம் படுத்துக்கினு இருந்தீங்க, ஒண்ணுகூட புடிக்கலியா?" என்றார் வானத்தைப் பார்த்தபடி.

"உங்களையாவது ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒடம்பெல்லாம் சேறு, வேணாங்க," என்று சிரித்துவிட்டு நடவுக்குத் திரும்பிப் போனார்.