டிரைவர் அண்ணன் டயர் பார்த்த இடங்கள்

மரவந்தே கடற்கரைக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போதே டிரைவர் அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டிவிடுவார். சீட்டுக்கு அடியில் கிடக்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்னால் இரண்டு, பின்னால் நாலு என்று ஆறு டயரையும் தட்டிப் பார்ப்பார். தட்டிவிட்டுக் குனிந்து காதைக் கொடுப்பார். ஒரு டயரிலிருந்து அடுத்ததுக்குப் போக இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வார். "ஏனுங்க டிரைவர், கடல் அந்தப் பக்கமிருக்குது, இங்க நிறுத்தித் தென்னமரத்தையா பாக்கறது?" என்று ஆம்பளைகள் சத்தம் போடுவார்கள். "டயர் சூடாயிருச்சுங்க. உங்க உசிருதானுங்க முக்கியம்" என்பார், நிமிராமலே. அந்த டயர்களுக்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்குள் நான் பின்வாசல் வழியாகப் பொம்பளைகளை இறக்கி, தோப்புக்குள் இருந்த ஓட்டு வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பேன். அந்த வீட்டுக்காரம்மா கன்னடத்தோடு வேறு ஏதோ பாஷை கலந்து பேசுவாள், எனக்குப் பாதிதான் புரியும். கொல்லையில் சுத்தமான கக்கூஸ், பக்கத்திலேயே கிணறு, கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கென்று ஒரு டப்பா புளிக்காய்ச்சல் கொண்டுபோவேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்டதில்லை. கடைசிப் பொம்பளை வந்து சீட்டில் உட்கார்ந்ததும் நான் தூக்குச்சட்டி மூடியை ஒரு தட்டுத் தட்டுவேன். ஆறாவது டயர் அந்த நேரத்துக்குச் சரியாகிவிடும்.

நான் மைசூரில் டூர் பஸ் ஒன்றில் பதினெட்டு வருஷம் சமையல் பண்ணினவள். ஹனூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணம் கட்டி மைசூர் வந்தவள். வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பையனை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். நாற்பது பேருக்கு மூன்று வேளையும் ரோட்டோரத்தில் அடுப்பு வைத்துச் சமைத்துப் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எழுத்து எனக்கு அவ்வளவாக ஓடாது, கன்னட போர்டு படிக்க வராது. எந்த ஊருக்கு முன்னால் என்ன கோயில், எந்தப் பாலத்துக்குப் பின்னால் நல்ல தண்ணீர் என்றுதான் ரோடு எனக்கு மனப்பாடம். சங்கராந்தி கழிந்ததும் கடற்கரை டூர் போகும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பறவைகளைப் பார்த்துவிட்டு, காட்டு வழியாகக் குடகு ஏறி, மங்களூரில் இறங்கி, கடலை ஒட்டியே மேலே போய், ஆமை முட்டையிடுகிற கரை வரைக்கும் பார்த்துவிட்டு, அருவிப் பக்கமாக மலையேறித் திரும்பும். ஏழு நாள். நான் அத்தனையையும் கடைசி சீட்டுக்குப் பின்னால், பாத்திரத்தோடு பாத்திரமாக உட்கார்ந்து பார்த்தவள்.

அண்ணன் என்று கூப்பிட்டாலும் அவர் எனக்குச் சொந்தமில்லை. கொள்ளேகால்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். ஆரம்பத்தில் அவரும் மற்ற டிரைவர்களைப் போலத்தான். எங்கே நிழல் தெரிகிறதோ அங்கே நிறுத்தி, பத்து நிமிஷம் என்பார். ஆம்பளைகள் இறங்கி ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு வருவார்கள். பொம்பளைகள் இறங்கி ஒரு சுற்றுப் பார்ப்பார்கள், மறைவு ஒன்றும் இருக்காது, சேலையை உதறிக்கொண்டு மறுபடி ஏறிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஏறுவேன். அது ஒரு கஷ்டம் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. காலையில் காப்பியைக் குறைத்தால் போயிற்று என்று பழகியிருந்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர் தனியாக டூருக்கு வந்தார். கழுத்தில் பைனாகுலர், காலில் கான்வாஸ் செருப்பு. முதல் நாளே பறவை பார்க்கிற படகில் எல்லாருக்கும் நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளை அதட்டுவதுபோலப் பெரிய ஆம்பளைகளையே அதட்டி உட்கார வைத்தார். மூன்றாம் நாள் ஹொன்னாவரத்துக்குப் பக்கத்தில், ஆமை முட்டை இருந்த இடத்தை மீன்காரர்கள் குச்சி நட்டு வலை கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கச் சூடான மணலில் எல்லாரும் போனோம். வலையை எட்டிப் பார்த்துக்கொண்டே டீச்சரம்மா அப்படியே சாய்ந்தார்.

தூக்கிக்கொண்டு போய் ஒரு தோணி நிழலில் கிடத்தினோம். உதடு வெடித்திருந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்துவிட்டுக் கையால் தள்ளினார். "இன்னும் எவ்வளவு நேரம் வண்டியில போகணும்?" என்றார். நாலு மணி நேரம் ஆகும் என்றேன். "அப்ப போதும்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து கேட்டதும் காதோடு சொன்னார்: "மூணு நாளா இப்படித்தான்மா. நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது? அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க. முப்பது வருஷம் பிள்ளைங்களை அதட்டின வாய், இதுக்கு மட்டும் வரமாட்டேங்குது." நான் விடவில்லை. "வெக்கத்துக்கு உசிரை விடுவீங்களா டீச்சர்?" என்று அதட்டி மீதியையும் குடிக்க வைத்தேன்.

அன்று சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார். "டீச்சருக்கு என்ன தங்கச்சி, வெயிலா?" என்றார். வெயில்தான் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு ஆம்பளையிடம் இதை எப்படிச் சொல்ல. கழுநீரைக் கொட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். என் கதையும் அதுதான் என்று சேர்த்தே சொன்னேன். அவர் கீழே கிடந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாக ஒடித்து அடுப்பில் போட்டார். பிறகு, "பதினஞ்சு வருஷமா ஓட்டறேன். ஒரு பொம்பளைகூட நிறுத்துன்னு கேட்டதில்லை. நம்ம வண்டியில எல்லாரும் சௌரியமா வர்றாங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். எழுந்து போகும்போது, "இனி யாரையும் கேக்க வெக்கக் கூடாது தங்கச்சி" என்றார். மறுநாளிலிருந்து டயர் சூடாக ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாடே மாறிப்போயிற்று. டூர் கிளம்புவதற்கு முந்தின நாள் ஷெட்டில் நான் மளிகையைக் கட்டிக்கொண்டிருக்க, அவர் எதிரில் உட்கார்ந்துகொள்வார். "பாக்கற எடம் நான் சொல்றேன், எறங்கற எடம் நீ சொல்லு" என்பார். அவர் யானை முகாம் என்பார், நான் அதற்கு முன்னால் இருக்கிற கல்யாண மண்டபம் என்பேன். அவர் மலை வளைவு என்பார், நான் சுள்ளியா தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் என்பேன். அண்ணனை எல்லாரும் தைரியசாலி என்பார்கள். நிஜத்தில் அவரைப்போலப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அந்தத் தோப்பு வீட்டம்மா ஊருக்குப் போயிருந்தால்? கிணறு வற்றியிருந்தால்? காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் யாரையும் இறங்க விடமாட்டார்கள், நடுவில் யானை மறித்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால்? ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று இடம் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். எனக்கு எரிச்சலாகக்கூட வரும். "ஏனுங்கண்ணா, மாமியார் மாதிரி நோண்டறீங்க" என்பேன். சிரித்துவிட்டு, "சரி, அதுக்கு மாத்து?" என்பார்.

அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு எழுபத்திரண்டு. பையன் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். போன வருஷம் கார் வாங்கினான். பேத்தியை வெளியூரில் படிக்க விட்டிருக்கிறோம், வீட்டில் அவனும் மருமகளும் நானும்தான். மூன்று மாசமாக அவனுக்கு ஒரே பேச்சு, கடற்கரைக்குக் காரில் போவது. "பாத்திரத்தோட உக்காந்து பாத்த ரோடும்மா உனக்கு. இந்தத் தடவை முன்சீட்டுல உக்காந்து பாரு" என்றான். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து, "முதல் நாளே காட்டுல சஃபாரி. மூணு மணி நேரம், ஜீப்பை விட்டு எறங்கவே விடமாட்டாங்க. புலி பாத்தாலும் பாக்கலாம்" என்றான். மூணு மணி நேரம் என்றதற்கு மேல் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. புலிக்கு நான் பயப்படவில்லை.

இரண்டு வருஷமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தாங்குவதில்லை. சில நாள் கதவைச் சாத்துவதற்குள்ளேயே ஆகிவிடும். நானே சேலையை அலசி, மழையோ வெயிலோ, கொடியில் போட்டுவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் போனபோதுகூட முட்டி வலி என்றுதான் காட்டிவிட்டு வந்தேன்.

பையன் ரூம் புக் பண்ணப் பண்ண, நான் இங்கே பழகிப் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் காப்பியை விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மருமகள், "என்னத்தே, யாராவது வர்றாங்களா?" என்பாள். ஒன்றே கால் மணி நேரம் வந்தது, ஒரு நாள் ஒன்றரைகூட வந்தது. அந்தத் தைரியத்தில், அக்காவைப் பார்க்கிறேன் என்று ஹனூர் பஸ் ஏறினேன். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அப்படியும் கொள்ளேகால் வருவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கி ஓடினேன். திரும்பி வந்தால் பஸ் இல்லை, என் பை அதோடு ஹனூர் போய்விட்டது. அக்கா மகன்தான் கண்டக்டரைப் பிடித்துப் பையை வாங்கி வைத்தான். மறதி என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் மறதிதான் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் குடிக்காததில் நீர்க்கடுப்பு வந்து, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஆகிப்போனது. டீச்சரம்மாவை அன்றைக்கு அதட்டின வாய்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் போனில் இருந்த ரோட்டை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினான். நீலக் கோடு மைசூரிலிருந்து கிளம்பி, காட்டுக்குள் நுழைந்து, கடலோரம் போயிற்று. "மடிகேரி விட்டா நேரா மங்களூர். மூணரை மணி நேரம், நடுவுல எங்கயும் நிக்க வேண்டாம். ட்ராஃபிக்குக்கு முன்னாடி போய்ச் சேந்துடலாம்" என்றான். "நான் வரலை கண்ணு" என்றேன். முட்டி என்றேன். "கார்லதானம்மா உக்காந்து வர்றே?" என்றான். பூந்தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றேன். பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று என்றான். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீ வர்லேன்னா எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடறேன். எனக்கா கடல் பாக்கணும்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டிரைவர் அண்ணன் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று உட்கார்ந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தோன்றியது, அண்ணன் ஒன்றும் தானாகக் கண்டுபிடித்துவிடவில்லையே. பதினைந்து வருஷம் அவருக்குத் தெரியாமல்தானே ஓட்டினார். நான் சொன்னேன், அதற்குப் பிறகுதான் தெரிந்தது. டிவியில் இருந்த கோட்டைப் பார்த்தபடியே, "எனக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கோணும். சில நேரம் அதுக்குள்ளயும்" என்றேன். பையன் டிவியை அணைத்தான். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றான். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன். "இதை எப்பிடிம்மா கேக்கறது?" என்றான். அதுவும் நியாயம்தான்.

சஃபாரியை எடுத்துவிடலாம் என்றான். நான் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் போங்கள், நான் ரூமில் இருக்கிறேன், புலியை நான் விசாரித்ததாகச் சொல் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு மூச்சு வந்தது. மருமகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல, அவள் கன்னடத்தில் எழுதிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் பயம் வேறு மாதிரி பிடித்தது. அந்த ரோடு எல்லாம் இப்போது நாலு வழியாகிவிட்டதாம். நான் சொன்ன மரம் நிற்கிறதோ, மண்டபம் நிற்கிறதோ. எது சொன்னாலும் 'அப்போ' என்றுதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவள் ஒன்றையும் விடாமல் எழுதினாள். இது சுத்தமா, இது பூட்டியிருக்குமா, யார்கிட்ட சாவி கேக்கணும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமியார் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கே ஆச்சரியம்.

பையன் எழுந்து வெளியே போன பிறகு, நோட்டை மூடிக்கொண்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "அத்தே, உங்க பேத்தி பொறந்ததுலேர்ந்து எனக்கும் இப்படித்தான். வெளிய கெளம்பற அன்னிக்கு நான் தண்ணியே தொடமாட்டேன்" என்றாள். பத்தொன்பது வருஷம். ஒரே வீடு, ஒரே குளியலறை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் உங்ககூட ரூம்லயே இருந்துடறேன்" என்றாள்.

வியாழக்கிழமை கிளம்புகிறோம். சஃபாரிக்கு இப்போது ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறது. மருமகள் எதற்கு வரவில்லை என்று பையன் இன்னும் அவளைக் கேட்கவில்லை.