சுந்தரலிங்கம் வீட்டு ஓசி கேபிள்

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கம் என் பக்கத்து வீட்டுக்காரர். கெட்டவர் இல்லை. மகா கஞ்சர், அவ்வளவுதான். கரண்ட் போனால் முகம் மலர்கிற மனிதர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

2004இல் கேபிள் சந்தாவை நூற்று இருபது ரூபாயாக ஏற்றினார்கள். "நாளைக்கே வந்து வயர அறுத்துட்டுப் போகச் சொல்லு" என்று மனைவி ஞானசெல்வியிடம் சொல்லிவிட்டார். அவள் விடியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலக்காய்த் தோட்டத்தில் முதுகு ஒடிய வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவள். சோறு பொங்கி எல்லோருக்கும் போட்டபின் ஒரு மணி நேரம் டிவி பார்ப்பாள். நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

மறுநாள் வயர் அறுபடவில்லை. "முத்துவீரன் மச்சான் இனிமே காசு வேணாம்னுட்டாக" என்றாள். கேபிள்காரன் முத்துவீரன் அவளுடைய தாய்மாமன் மகன். கட்டிக்கொள்ளும் முறை இருந்தும் ஜாதகம் சேராததால் தட்டிப்போனவன்.

சுந்தரலிங்கத்துக்கு முதலில் வாயெல்லாம் பல். "வேணாம்னா விட்டுரு, நாமளா கேட்டோம்?" என்றார். பத்து நாள் போனது. அதன் பிறகுதான் உறைத்தது. மாசாமாசம் ஒருத்தன் எதற்குச் சும்மா கொடுப்பான்?

அங்கிருந்து மனுஷன் படாத பாடுபட்டார். படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று நாங்கள் நாலு தடவை போன் போட்டாலும் முத்துவீரன் எட்டிப் பார்க்க மாட்டான். ஞானசெல்வி ஒரு வார்த்தை சொன்னால் ஏணியோடு வந்து நிற்பான். மாடியிலிருந்து அவன், "இப்பத் தெரியுதா?" என்பான். உள்ளேயிருந்து அவள், "தெரியுது மச்சான்" என்பாள். வாசலில் நிற்கும் சுந்தரலிங்கத்தின் வயிறு எரிவது சுவர் தாண்டி எனக்கே தெரியும்.

முத்துவீரன் புதுச் சட்டை போட்டால் பொறாமை. மீசைக்கு மை அடித்தால் பொறாமை. டிவி பார்த்து அவள் சிரித்தால் அதற்கும் பொறாமை, அந்தச் சிரிப்பையே அவன்தான் வயர் வழியாக அனுப்பி வைத்த மாதிரி. கனெக்ஷனே வேண்டாம் என்று சொல்லித் தொலைக்கலாம்தான். ஓசியை விட மனசு வரவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நாலு வருஷம் கழித்து ஒருவழியாகப் பொறாமை ஜெயித்தது. தேனிக்குப் போய் டிஷ் ஆன்டெனா விலை விசாரித்துவிட்டு வந்தவர், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போனார்.

"ஒன் ஓசி கேபிள் எனக்கு வேணாம்ப்பா. வயரக் கழட்டிரு."

முத்துவீரன் விழித்தான். "ஓசியா? யாருண்ணே சொன்னது? மாசம் பொறந்தா ஞானம் ஜீப்பவிட்டு இறங்கி நேரா இங்கன வந்து காசக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கே போகும். தெரிஞ்சா நீங்க அறுத்துருவீகன்னு, சொல்ல வேணாம்னுச்சு."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. சுந்தரலிங்கமும் சிரித்தார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தவர் அங்கே சட்டென்று நின்றார். "நாலு வருஷமா, எனக்குத் தெரியாம, ரெண்டும் சேந்து ஒரு ரகசியம் வச்சிருந்திருக்குதுக, பாத்தீகளா?" ஓசி என்று நினைத்தபோது எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது அவருக்கு.

அன்று ஞானசெல்வி வேலை முடிந்து வந்து குழாயடியில் கைகால் கழுவும்போதே பிடித்துக்கொண்டார். நான் என் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை.

"கட்டுன புருஷன்கிட்ட மறைச்சத அவன்கிட்ட மட்டும் எதுக்குடி சொன்ன?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நானாப் போயி ஒண்ணும் சொல்லல. நீங்க அறுக்கச் சொன்னப்ப அழுதேன். பக்கத்துலதான் உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தீக. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அறுக்க வந்தவுக கேட்டாக."